பட்டிதொட்டி

ஒரு பாட்டு பிரபலமானால் ‘பட்டிதொட்டியெல்லாம் ஒலிக்கிறது’ என்கிறோம். மூலைமுடுக்கெல்லாம் என்று பொருள் கொள்கிறோம், சரிதான். ஆனால் இதில் வரும் தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொண்டால் சொல்லின் உயிரே போய்விடும்.

பட்டி என்பது ஆடுமாடு அடைக்கும் இடம். கொங்கு நாட்டிலும் இலங்கையிலும் மாட்டுப்பொங்கலுக்குப் பட்டிப்பொங்கல் என்றே பெயர். பட்டியைச் சுற்றிக் குடிசைகள் எழுந்தபின் ஊரும் பட்டியானது. தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி என்று பேருந்துப் பலகையெங்கும் பட்டிகள்தான். எல்லாமே மாட்டுப்பட்டியாகத் தொடங்கியவை என்று சொல்ல மாட்டேன். சொல் ஒருமுறை ஊர்ப்பெயராகிவிட்டால் மாடில்லாத ஊருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

தொட்டிக்கு விடை காவிரியின் அக்கரையில் இருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘தொட்டி’ (doddi) என்றால் மாடடைக்கும் கொட்டில். கனகபுரா, ராமநகரா பக்கம் தொட்டி என்று முடியும் சிற்றூர்கள் ஏராளம். சென்னையின் ஆடுதொட்டியில் இருப்பதும் இதே தொட்டி என்றே கருதுகிறேன். ஆக, பட்டியும் தொட்டியும் ஒரே பொருள். வீடுவாசல், காடுகரை என்பதுபோல் இணைந்து, மந்தை அடையும் கடைசி இடம்வரை என்று விரிந்திருக்கிறது.

மாடே செல்வமாக இருந்த நிலம் தருமபுரி. இங்குள்ள நடுகற்களில் ‘தொறு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். மாட்டுமந்தை என்று பொருள். தொறுவை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பார்க்கலாம். மந்தைக்காக உயிரைக் கொடுத்தவர்களின் நாட்டில் பட்டி சாதாரணச் சொல்லாக இருந்திருக்க முடியாது.

ஒகேனக்கல் அருகே காவிரிக்கு அக்கரையில் உள்ள ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாட்டினம் இந்தப் பகுதியின் காட்டோரங்களில் மேய்ந்து வளர்ந்தது. பாடி என்பதும் ஆயர் குடியிருப்புதான். இந்த இனத்தைக் காக்கத் தருமபுரி மாவட்டத்தில் ஆராய்ச்சி மையம் அமைந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்களில் மேய்ச்சலைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி காடுகளில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பது அவசியம். காட்டுப் பட்டிகளை நம்பி மாடு வளர்த்தவர்களுக்கு மேய்ச்சல் நிலம் ஒதுக்குவதும் அதே அளவு அவசியம்.