கோபிநத்தத்தின் ஓய்வுப் பொழுது

அலுவலகங்களில் நாம் நிரப்பும் படிவங்கள் சிலவற்றின் கடைசிப் பக்கத்தில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு சிறு கட்டம் இருப்பதைக் காண்கிறோம். நாவல் படித்தல், சதுரங்கம் ஆடுதல், இயற்கைக் காட்சிகளிடையே உலாவுதல் என்று எழுதிவிட்டு, அதைப் பற்றி மேலும் சிந்திக்காமல் கையெழுத்திட்டுவிடுகிறோம். பொழுதைப் ‘போக்குவது’ என்னும் பொருள் இச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. போக்குவதற்கு முன் பொழுது என ஒன்று கைவசம் இருக்க வேண்டும் அல்லவா? அது யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கினால், அச்சிறு கட்டத்திற்குள்ளும் ஒரு சரித்திரம் புலப்படும். அதைக் கோபிநத்தம் என்னும் ஒரே ஊரை வைத்துப் பார்ப்போம்.

காவிரி, மலைகளைப் பிளந்துகொண்டு ஒகேனக்கலில் விழும் இடத்திற்கு அணித்தே, கர்நாடகத்தின் தென்கிழக்கு மூலையில், காடு சூழ்ந்து கிடக்கும் சிற்றூர் இது. நீர்த்துளி புகையாக எழுவதால் அருவிக்குப் ‘புகையும் கல்’ என்று கன்னடத்தில் பெயர். அப்பெயரையே தமிழரும் ஒகேனக்கல் என்று வழங்குகின்றனர். கோபிநத்தத்தில் வீட்டு மொழி பெரும்பாலும் தமிழ். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இவ்வூரை ஒரு தனிக் கண்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், நாம் பிழைப்பை நாடி ஊரை விட்டு வெளியேறினோம். இவர்களோ இருந்த இடத்தை விட்டு ஓரடியும் நகரவில்லை. எல்லைதான் நகர்ந்தது. சென்னை ராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுக்கா, கன்னடம் பேசுவோர் மிகுந்த பகுதியாதலின், ராஜ்யங்களின் புனரமைப்புச் சட்டப்படி 1956 நவம்பர் 1 அன்று மைசூர் ராஜ்யத்துடன் இணைக்கப்பட்டது. அத்துடன் கோபிநத்தமும் மைசூர் ஜில்லாவின் ஊராயிற்று. 1973-இல் ராஜ்யத்தின் பெயர் கர்நாடகம் என மாறியது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒரே வீட்டில் பிறந்த பாட்டனும் மகனும் பேரனும் பிறந்த ஊருக்கு வெவ்வேறு முகவரி எழுத நேர்ந்தது இப்படித்தான்.

எல்லையை மாற்றலாம், திண்ணையில் கீறிய கோட்டை அவ்வளவு எளிதில் மாற்ற முடிவதில்லை. ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை நகரவிடாமல் அடைக்கும். பலகையோ காயோ விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. ஒரு கரித்துண்டும் கொஞ்சம் கூழாங்கல்லும் போதும். கோயில் மண்டபத் தளங்களில் உளியால் பொறித்த கட்டங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, கன்னட நாட்டிலும் உண்டு. கன்னடத்தாரும் ஆட்டை ஆடு என்றே சொல்கின்றனர். புலிதான் அங்கே ‘ஹுலி’ ஆகிவிடுகிறது. நம் பகரம் அவர்களிடம் ஹகரமாக ஒலிக்கும் என்னும் இலக்கணத்தை, மொழிநூல் படியாத சிறுவரும் இந்த ஆட்டத்திலேயே கற்றுக்கொண்டுவிடலாம். நம் பல்லாங்குழி அங்கே ‘அளகுளி மணெ’. பதினான்கு குழிகளும் புளியங்கொட்டையும் இரு பக்கத்திற்கும் பொது.

இந்த எளிய ஆட்டங்களுக்கு அரச மரியாதை செய்தவர் ஒருவர் மைசூரில் இருந்தார். மும்முடி கிருஷ்ணராஜ உடையார் என்று சரித்திரம் அழைக்கும் மூன்றாம் கிருஷ்ணராஜர் 1799-இல் குழந்தைப் பருவத்திலேயே பட்டமேறியவர். 1831-இல் கும்பினியார் நிர்வாகம் முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அரசருக்கு அரண்மனையும் பட்டமும் எஞ்சின, அலுவல் எஞ்சவில்லை. 1868-இல் மறையும்வரை அவருக்குக் கிடைத்த நெடிய ஓய்வு, விரும்பிப் பெற்ற ஓய்வன்று. அதை அவர் வீணாக்கவில்லை. ஸ்ரீதத்துவநிதி என்னும் சித்திரக் களஞ்சியத்தின் ஒன்பதாம் பகுதியான கௌதுக நிதியை விளையாட்டுகளுக்கென்றே ஒதுக்கினார். கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகளில் புதிய புதிய கட்டுகளை வகுத்தார். அவற்றுள் மிகப் பெரியதில் 360 சீட்டுகள். சதுரங்கக் குதிரை அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொரு முறையே தொட்டுவர வேண்டும் என்னும் புதிருக்கு அவர் கண்ட விடை மேல்நாட்டுக் கணித நூல்களிலும் இடம்பெற்றது. மைசூருக்குச் செல்லும் நேயர்கள் 1861-இல் எழுந்த ஜகன்மோகன் அரண்மனையின் ரங்க மகாலில், சுவர் நிறைய ஆட்டக் கட்டங்கள் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ராஜ்யம் பறிபோன மன்னர் ஒருவர் கட்டங்களுக்குள் ராஜ்யம் அமைத்துக்கொண்டார் என்று இதனை எள்ளுவாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஏட்டிலும் சுவரிலும் அவர் பதிந்து வைத்திராவிடில், வாய்மொழியாக மட்டும் வாழ்ந்த எத்தனையோ ஆட்டங்கள் அடையாளமின்றி அழிந்திருக்கும்.

ஜகன்மோகன் என்றதும் ‘ஜகன்மோகினி’ நினைவுக்கு வருகிறது. பெயரன்றி இரண்டிற்கும் வேறு உறவில்லை. 1925 முதல் வை. மு. கோதைநாயகி அம்மாள் நடத்திய அப்பத்திரிகை, நாவல் படிப்பதைப் பெண்களின் பிற்பகல் உரிமையாக ஆக்கியது. அம்மையார் எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேல். கதை படித்தால் பெண் கெட்டுவிடுவாள் என்று உபதேசித்த பெரியவர்களே, அடுத்த இதழ் எப்போது வரும் என்று கேட்கவும் தொடங்கினர். தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கும் வழக்கமும் பெருகியது. பின்னாளில் அத்தகைய பைண்டு புத்தகங்கள் டில்லிக்கும் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் டிரங்குப் பெட்டிகளில் பயணம் செய்தன. 1946-இல் தோன்றிய டில்லித் தமிழ்ச் சங்கத்திற்கும் 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்திற்கும் நூலகம் ஓர் உயிர்நாடி எனலாம்.

அந்நாளைய காதல் நாவல்களில் காட்டுக்கு ஒரு தனி இடமுண்டு. கல்கி 1937-இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘கள்வனின் காதலி’யில், கொள்ளிடக் கரைக் காட்டில் ஒளிந்து திரியும் முத்தையனுக்காகக் கல்யாணியோடு சேர்ந்து வாசகர் உலகமே கண்ணீர் விட்டது. நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’ 1954-இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவிலிருந்து திரைப்படமாக வெளிவந்து, கன்னடத்திலும் ‘பெட்டத கள்ள’ என 1957-இல் உருவெடுத்தது. காட்டுக் கள்வன் நல்லவன். அவனைத் துரத்துபவர்களே அறியாதவர்கள். இறுதியில் காதல் வெல்லும் அல்லது கண்ணீர் வெல்லும். சாய்வு நாற்காலியில் படிக்க இதைவிட இனிமை ஏது?

ஆனால் சாய்வு நாற்காலிக்கும் காட்டிற்கும் இடையே உள்ள தூரத்தைக் கோபிநத்தத்தார் அறிவர். 1952-இல், ஊர் இன்னும் சென்னை ராஜ்யத்தில் இருந்தபோது, அங்கே பிறந்தவன் வீரப்பன். தந்தத்திற்காக யானைகளையும் விலைக்காகச் சந்தன மரங்களையும் வீழ்த்தினான். வழிமறித்தவர்களையும், காட்டிக்கொடுத்ததாக ஐயுற்றவர்களையும் கொன்றான். நாவல் தரும் கள்வனுக்கும் இவனுக்கும் இடையே மயங்குவதற்கு ஏதுமில்லை. ஆயினும் மயங்கியோர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பெரும்பாலோர் அவனது காட்டிலிருந்து வெகுதொலைவில் வாழ்பவர்கள்.

காடு அவ்வூராருக்கு உலாவும் இடமாக இருந்ததே இல்லை. விறகும் தேனும் புல்லும் மூங்கிலும் தரும் வேலைக்களமாகவே அது இருந்தது. அவ்வேலைக்களமும் அச்சத்தால் மூடிக்கொண்டது. உள்ளே சென்றால் கள்வன் கேள்வி கேட்பான். வெளியே வந்தால் காவலர் கேட்பர். இரு மாநிலங்களின் சிறப்பு அதிரடிப் படைகளும் காட்டைச் சல்லடையிட்டுத் தேடின. படையினரிடம் துன்புற்றதாக மலைவாழ் மக்கள் கூறிய புகார்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு 2007-இல் ஆணையம் பரிந்துரைத்தது.

இவ்விருளில் ஒரு மனிதரை மறக்கலாகாது. ராஜமுந்திரியிலிருந்து வந்த வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ், துப்பாக்கியினும் ஊர் மக்களின் நம்பிக்கையே வலிது என்று கருதியவர். கோபிநத்தத்தார்க்கு மருத்துவ வசதி கிடைக்கச் செய்தார். அவர்களுக்கு மாரியம்மன் கோயில் எழுப்பித் தந்தார். சரணடைவதாகச் சொல்லியனுப்பிய செய்தியை நம்பிக் காட்டிற்குள் சென்ற அவரை, 1991 நவம்பர் 10 அன்று வீரப்பன் கொன்றான். மறைவுக்குப் பின் அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது.

கர்நாடகத்தில் வாழ்ந்த தமிழர்கள் 2000-ஆம் ஆண்டை எளிதில் மறக்கமாட்டார்கள். ஜூலை 30 இரவு, கன்னட மக்களின் கண்மணியான நடிகர் ராஜ்குமாரை, எல்லைக்கு இப்பாலுள்ள காஜனூரில் வீரப்பன் கடத்திச் சென்றான். நவம்பர் 15 அன்று அவர் விடுதலையாகும் வரை 108 நாட்கள். அந்நாட்களில் பெங்களூரிலும் மைசூரிலும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு செய்தி அறிக்கையையும் மூச்சடக்கிக் கேட்டன. எங்கோ ஒரு காட்டில் ஒருவன் செய்த செயலுக்கு, தெருவில் தமிழ் பேசிச் செல்பவன் பதில் சொல்ல நேருமோ என்னும் கலக்கம் அது. வேற்று மாநிலத்தில் குடியிருப்போர்க்கு அதை விளக்க வேண்டுவதில்லை.

2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதன் பின்னரே, கோபிநத்தத்துக் காட்டில் வேலையின்றி நடப்பது என்னும் புதுமை பிறந்தது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அவ்வூரில் முகாம் அமைத்து, வழிகாட்டியுடன் காட்டுநடைக்கு ஏற்பாடு செய்தது. 1987-இல் ஏற்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதி இது. ஆற்றங்கரையில் நீர்மருதுகள் வேர்களைப் பாறைமேல் பரப்பி நிற்கின்றன. அவற்றின் கிளைகளில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத சாம்பல் நிற மலையணில் தாவுகிறது. நீரில் பரிசல். மேட்டில் யானைத்தடம். ஆதலின் வழிகாட்டியை விட்டு விலகி நடத்தல் கூடாது.

இங்கு நடப்போருக்குப் பெரும்பாலும் கள்வனின் கதையே முதலில் சொல்லப்படுகிறது. அவன் ஒளிந்த குகை, அவன் நடந்த வழி என்று கேட்பதில் வருவோர்க்கும் ஆர்வம் மிகுதி. அதில் நமக்கு உடன்பாடில்லை. இவ்வழிகள் அவன் வெட்டியவையல்ல. மாதேசுவர மலைக்கு இருபுறத்து மாநிலங்களிலிருந்தும் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், கம்சாளை என்னும் வெண்கலத் தாளத்தை ஒலித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கடந்த காடு இது. அவர்களுடைய தெய்வமான மாதேசுவரர் புலியையே வாகனமாகக் கொண்டவர். கோபிநத்தத்திற்குச் செல்லும் நேயர்கள் மாரியம்மன் கோயிலையும் காணலாம். அங்கே ஊரார் சீனிவாஸின் படத்தை வைத்து வணங்கி வருகின்றனர்.