ஆஸ்பத்திரிக்கு வராதவர்களின் கணக்கு

ஒரு தோட்டத்தில் நோய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், நமக்கு முதலில் நினைவுக்கு வருவது டிரஸ்ஸரின் புத்தகம். யார் மருந்து வாங்கினார், யார் கட்டிலில் கிடந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அக்காலத்து நோய்களைப் பற்றி எழுதுகிறவர்களும் அத்தகைய புத்தகங்களைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால் தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தில் இருந்தார்களா?

ஜொகூரை எடுத்துக்கொள்வோம். 1909ஆம் ஆண்டு கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்தது. அதையொட்டி சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலர் அங்கே லயங்களில் குடியேறினார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்தார்கள்? பெரட்டுக்கு வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. ஆகவே நடுங்கிக்கொண்டே பால் வெட்டப் போனவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் திரும்ப வேண்டும் என்று பயந்து லயத்திலேயே படுத்தவர்கள் உண்டு. ராவோடு ராவாக வேறு தோட்டத்துக்கு ஓடியவர்களும் உண்டு. உழைக்கச் சக்தியற்றுக் கப்பலேற்றப்பட்டு, ஊர் போய்ச் சேர்ந்து கண்ணை மூடியவரின் சாவு எந்தத் தோட்டத்துக் கணக்கில் வரும்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிரஸ்ஸர் நல்லவர், மருந்தும் நன்றாகக் கொடுக்கிறார் என்றால் அவரிடம் கூட்டம் சேரும், புத்தகம் நிரம்பும். பக்கத்துத் தோட்டத்து டிரஸ்ஸர் சிடுசிடுப்பவர் என்றால் யாரும் போகமாட்டார்கள். புத்தகம் வெறுமையாக இருக்கும். தூரத்திலிருந்து இரண்டையும் பார்ப்பவருக்கு, நல்ல டிரஸ்ஸர் இருக்கும் தோட்டந்தான் நோய்க்காடாகத் தெரியும்!

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டவர் டாக்டர் மால்கம் வாட்சன். 1901ஆம் ஆண்டு அவர் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்தபோது ஊரே மலேரியாவில் கிடந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள். வாட்சன் சதுப்புகளை வடியவைத்தார். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901இல் 582ஆக இருந்த சாவு, 1902இல் 144ஆகக் குறைந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. வடிகால் வெட்டாத சுற்றுப்புறங்களில் என்ன நடந்தது என்றும் பார்த்தார். அங்கே அப்படிக் குறையவில்லை. பருவம் நன்றாக இருந்ததால் நோய் தணிந்தது என்று சொல்ல இனி இடமில்லாமல் போயிற்று.

தோட்டங்களுக்குப் போனபோது அவர் டிரஸ்ஸரின் புத்தகத்தை மட்டும் நம்பவில்லை. லயத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கல்போலத் தட்டுப்படும். நம் பெரியவர்கள் காய்ச்சற்கட்டி என்று சொன்னது இதைத்தான். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கட்டி இருக்கிறது என்று எண்ணும் முறை, 1840களிலேயே வட இந்தியாவின் யமுனைக் கால்வாய்க் கரைகளில் டெம்ப்ஸ்டர் என்ற வைத்தியர் கையாண்டது.

பிள்ளைகளைப் பார்ப்பானேன்? பெரியவர்கள் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம். காய்ச்சலை எங்கே வாங்கினார்கள் என்று சொல்வது கடினம். சின்னஞ்சிறு பிள்ளை பெரும்பாலும் பிறந்த லயத்திலேயே வளர்கிறது. அதற்குப் பேர் போய்விடுமே என்ற பயமும் இல்லை. நோயாகக் கிடக்கும் பிள்ளை, மண்ணில் விளையாடும் பிள்ளை எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். (ஆண்களே நிறைந்த புதுத் தோட்டத்தில் இந்த முறை செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஒரே தோட்டத்தில் காட்டோரத்து லயத்துக்கு ஒரு கணக்கும், தள்ளியிருந்த லயத்துக்கு வேறு கணக்குமாக வந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியதும் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு பெருகி, நோய் முன்னைவிட அதிகமானதும் தெரியவந்தது. லயத்தை எங்கே கட்டுவது, எந்த ஓடையை மூடுவது என்பதற்கு இந்தக் கணக்கு வழிகாட்டியது.

நோயாளிகளை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது என்பதற்குப் பெரிபெரி இன்னொரு சாட்சி. கால் வீங்கி, மரத்து, இதயம் நின்றுபோகும் நோய் அது. மலாயா ஆஸ்பத்திரிகளில் அதற்காகக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன், நோய் வராதவர்களையும் கவனித்தார். தமிழர்களுக்கு ஏன் வருவதில்லை? அவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி! பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும், 1907இல் தொடங்கி ஜெலுபு வட்டாரத்தில் சாலை வேலை செய்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தனர். வெள்ளையரிசி உண்டவர்களிடமே நோய் கண்டது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதையே இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நம் பாட்டிமார் அடுப்பில் வெந்ததற்குள் இப்படியொரு மருந்து இருந்திருக்கிறது.

இப்போது ஜொகூருக்கே திரும்புவோம். 2011ஆம் ஆண்டு மோனாஷ் பல்கலைக்கழகம் சிகாமட் மாவட்டத்தில் ஒரு சமூக ஆய்வகத்தைத் தொடங்கியது. மாவட்டத்தின் ஐந்து முக்கிம்கள் அதில் சேர்ந்தன; பெக்கோக்கும் சாஆவும் அவற்றில் உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஓராங் அஸ்லி என எல்லாரும் வாழும் வட்டாரம் அது. கிளினிக்கில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணாமல், வீடு வீடாகப் போய்ச் சுமார் 40,000 பேரைப் பதிவு செய்தார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றையும் பார்த்தார்கள்.

ஆனால் கதவைத் தட்டுவதிலும் ஓர் ஓட்டை உண்டு. பகலில் போனால் கிழவர்களும் பிள்ளைகளுந்தான் வீட்டில் இருப்பார்கள். செம்பனை வெட்டப் போனவரும், ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவரும் கதவுக்குப் பின்னால் இல்லை. காலில் ஆறாத புண்ணை மறைத்துக்கொண்டு, "எனக்கொன்றும் இல்லை, மற்றவர்களைப் பாருங்கள்" என்று சொல்கிற தாயும் கணக்கில் பாதிதான் வருகிறாள். அதனால் இப்படிப்பட்ட கணக்கெடுப்பில் ஒரு முறை தட்டிப் பூட்டியிருந்த வீட்டுக்கு அந்தியில் ஒரு முறையும், ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு முறையும் போக வேண்டியிருக்கிறது.