கையடக்க நிகழ்பட ஆட்டக் கருவிகளில் வட்டாரப் பூட்டு

வட்டாரப் பூட்டு என்பது ஒரு நாட்டில் அல்லது நாடுகளின் தொகுதி ஒன்றில் விற்கப்பட்ட நிகழ்பட ஆட்டம், வேறொரு வட்டாரத்தில் விற்கப்பட்ட கருவியில் இயங்காதவாறு உற்பத்தியாளர் ஏற்படுத்தும் தடை ஆகும். தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடப்படும் வீட்டுக் கருவிகளில் இத்தடை 1980களிலிருந்தே பரவலாகக் காணப்பட்டது. கையில் எடுத்துச் செல்லும் கருவிகளிலோ நீண்ட காலம் இது அரிதாகவே இருந்தது. ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 2008 இல் வெளியிட்ட டிஎஸ்ஐ, 2011 இல் வெளியிட்ட 3டிஎஸ் ஆகிய கருவிகள் இவ்வழக்கத்தை மாற்றின. 2017 இல் வெளியான நிண்டெண்டோ சுவிட்ச் கருவியில் பூட்டு கைவிடப்பட்டது. எனினும் 2025 இல் வெளியான சுவிட்ச் 2 இன் ஜப்பானியப் பதிப்பில், மொழி, பயனர் கணக்கு ஆகியவற்றின் வழியாக வேறு வகையான வட்டாரக் கட்டுப்பாடு இடம்பெற்றது.

கையடக்கக் கருவிகளில் பூட்டு அரிதாயிருந்தமை

வீட்டுக் கருவிகளின் பூட்டுக்குத் தொழினுட்பக் காரணம் ஒன்றைக் கூற முடிந்தது. ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் நொடிக்கு ஏறத்தாழ 60 புலங்களைக் காட்டும் என்டிஎஸ்சி தொலைக்காட்சி முறையும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 50 புலங்களைக் காட்டும் பால் முறையும் வழக்கில் இருந்தன. ஒரு முறைக்கென எழுதப்பட்ட ஆட்டம் மற்றதில் விரைவு மாறியோ, படம் குலைந்தோ இயங்கக்கூடும். ஆயினும் இக்காரணம் முழுமையானதன்று. ஜப்பானும் வட அமெரிக்காவும் ஒரே தொலைக்காட்சி முறையைப் பின்பற்றியபோதும், நிண்டெண்டோவின் பாமிகாம் ஆட்டப் பொதிகள் 60 ஊசி இணைப்புகளுடனும், அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ் பொதிகள் 72 ஊசி இணைப்புகளுடனும் வெளிவந்தன. என்இஎஸ் கருவியில் பொதியைச் சரிபார்க்கும் தனிச் சில்லும் வைக்கப்பட்டிருந்தது.

கையடக்கக் கருவி தன் திரையைத் தானே சுமந்து செல்வதால் தொலைக்காட்சி முறை பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1989 இல் வெளியான கேம் பாய் கருவிக்கு உலகில் எந்நாட்டில் வாங்கிய ஆட்டப் பொதியும் பொருந்தியது. கேம் பாய் கலர் (1998), கேம் பாய் அட்வான்சு (2001) ஆகியனவும் இவ்வாறே அமைந்தன. கேம் பாய் பொதியின் தலைப்புப் பகுதியில், பதினறும எண்முறையில் 014ஏ எனக் குறிக்கப்படும் முகவரியில், அப்பொதி ஜப்பானில் விற்பதற்குரியதா வெளிநாட்டுக்குரியதா எனக் காட்டும் ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கருவி அதைப் படித்துத் தடுக்கவில்லை. அதாவது பூட்டுவதற்கான குறிப்பு இருந்தது, பூட்டு இல்லை. கருவி தொடங்கும்போது நிண்டெண்டோவின் சின்னம் பொதியில் சரியாக உள்ளதா என்பது சோதிக்கப்பட்டது. இது உரிமம் பெறாத வெளியீட்டாளர்களைத் தடுப்பதற்கானது. நாடுகளுடன் இதற்குத் தொடர்பில்லை.

செகா நிறுவனத்தின் கேம் கியர் (1990) கருவியில் தான் ஜப்பானியக் கருவியா வெளிநாட்டுக் கருவியா எனத் தெரிவிக்கும் ஒரு பிட் இருந்தது. சில ஆட்டங்கள் இதைப் படித்துத் தலைப்பையோ மொழியையோ மாற்றிக் காட்டின. வட்டாரத்தை அறியும் அதே ஏற்பாடு தடுப்பதற்கன்றிப் பொருத்திக் கொள்வதற்கும் பயன்படலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

பூட்டு இல்லாமையும் இணக்கமும்

ஆட்டம் இயங்குவது ஒன்று, இரு நாட்டு ஆட்டங்கள் ஒன்றோடொன்று உரையாடுவது வேறொன்று. போக்கிமான் ஆட்டத்தின் முதற் பதிப்புகள் ஜப்பானில் 1996 இலும், வட அமெரிக்காவில் 1998 இலும் வெளிவந்தன. இரண்டும் எந்தக் கேம் பாய் கருவியிலும் இயங்கின. ஆனால் இணைப்பு வடத்தின் மூலம் ஜப்பானியப் பதிப்புக்கும் ஆங்கிலப் பதிப்புக்கும் இடையே உயிரிகளைப் பரிமாற முயன்றால் தரவுகள் சிதைந்தன. ஜப்பானியப் பதிப்பில் ஓர் உயிரியின் பெயருக்கு ஐந்து எழுத்துகளே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் அது போதாமையால் பத்து எழுத்துகளாக விரிக்கப்பட்டது. இதனால் அனுப்பப்படும் தரவுத் தொகுதியின் நீளமே வேறுபட்டது. ஒரு பக்கம் பெயரென அனுப்பியதை மறுபக்கம் வேறொன்றாகப் படித்தது. சேமித்து வைத்த ஆட்டமே இதனால் பழுதாகக்கூடும். யாரும் திட்டமிட்டு வைக்காத இத்தடை, எழுத்து முறைகளின் வேறுபாட்டிலிருந்து எழுந்ததாகும்.

தொடக்கக்கால விதிவிலக்குகள்

கையடக்கக் கருவிகளில் உண்மையான பூட்டுக்கு முற்பட்ட சான்று, என்ஈசி நிறுவனம் 1990 இல் வெளியிட்ட கருவியில் காணப்படுகின்றது. இது ஜப்பானில் பிசி எஞ்சின் ஜிடி எனவும், அமெரிக்காவில் டர்போ எக்ஸ்பிரசு எனவும் பெயர் பெற்றது. வீட்டுக் கருவிக்குரிய மெல்லிய ஆட்ட அட்டைகளையே இதிலும் செருகி ஆடலாம். இரு நாட்டு அட்டைகளும் வடிவத்தில் ஒன்றே. ஆனால் எட்டுத் தரவுக் கம்பிகளின் வரிசை அமெரிக்கக் கருவியில் தலைகீழாக மாற்றப்பட்டிருந்தது. எனவே ஜப்பானிய அட்டை எளிதாகச் செருகப்பட்டாலும், கருவி படிக்கும் ஒவ்வொரு எண்ணும் புரண்டு பொருளற்றதாகியது. கம்பிகளை மீண்டும் நேராக்கும் இடையிணைப்பிகள் வீட்டுக் கருவிக்கென விற்பனைக்கு வந்தன. செலவின்றிச் செய்யப்பட்ட இப்பூட்டைப் போல எளிய பூட்டு பின்னர் வந்ததாகக் கூற முடியாது.

வட அமெரிக்காவில் மட்டும் 1995 இல் விற்கப்பட்ட செகா நோமாட் கருவி, செகாவின் வீட்டுக் கருவியான செனசிசின் பொதிகளை இயக்கியது. அதனால் அவ்வீட்டுக் கருவிக்குரிய வட்டாரச் சோதனையையும் உடன் பெற்றது. கருவியின் வட்டாரத்தைச் சோதிக்குமாறு எழுதப்பட்ட ஆட்டங்கள், பொருந்தாத கருவியில் அறிவிப்பு ஒன்றைக் காட்டி நின்றுவிட்டன.

நிண்டெண்டோ டிஎஸ்

2004 இல் வெளியான நிண்டெண்டோ டிஎஸ் கருவியும் பூட்டற்றதாகவே இருந்தது. சீனாவில் ஐகியூ என்ற பெயரில் விற்கப்பட்ட வடிவம் மட்டுமே விதிவிலக்கு. சீனாவுக்கென வெளியிடப்பட்ட ஆட்டங்கள் அக்கருவியில் மட்டுமே இயங்கின. அக்கருவியோ பிறநாட்டு ஆட்டங்களையும் ஏற்றது. தடை ஒருவழிப்பட்டதாக இருந்தமை குறிப்பிடத்தக்கது.

பூட்டு இல்லாமையால் விளைந்த பயன்களும் உண்டு. 2005 இல் ஜப்பானில் மட்டும் வெளியான ஓசு! தடாகே! ஓயென்டான் என்ற தாள ஆட்டம், மொழி அறியாதவர்களும் ஆடக்கூடியதாக இருந்ததால் பிற நாடுகளில் தருவித்து ஆடப்பட்டது. அதன் ஆட்டமுறையைக் கொண்டு மேலைநாட்டினருக்கென எலீட் பீட் ஏசன்ட்சு என்ற ஆட்டம் 2006 இல் வெளியானது.

பிளேஸ்டேசன் போர்ட்டபிளும் இலிக்-சாங் வழக்கும்

சோனியின் பிளேஸ்டேசன் போர்ட்டபிள் கருவி, சுருக்கமாக பிஎஸ்பி, ஜப்பானில் 2004 திசம்பர் 12 இல் வெளியானது. இதன் ஆட்டங்களுக்கு வட்டாரப் பூட்டு நடைமுறையில் இல்லை. ஆனால் அதே வட்டில் விற்கப்பட்ட திரைப்படங்களுக்கு டிவிடி போன்றே வட்டார எண்கள் இருந்தன. இம்முறையில் இந்தியாவும் இலங்கையும் 5ஆம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஒரே கருவி, ஒரே வகை வட்டு, ஆட்டத்துக்குத் தடையில்லை, படத்துக்குத் தடை உண்டு. பூட்டைத் தீர்மானிப்பது பொறியியல் மட்டுமன்று, வணிக ஒப்பந்தங்களும் ஆகும் என்பதை இது காட்டுகின்றது.

பிஎஸ்பி ஐரோப்பாவுக்கு 2005 செப்டம்பர் 1 இல்தான் வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது மாதங்களில், ஆங்காங்கிலிருந்து இயங்கிய இலிக்-சாங் என்ற இணைய அங்காடி ஜப்பானியக் கருவிகளை ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி வந்தது. ஆட்டங்களுக்குப் பூட்டு இல்லையாதலால் வாங்குவோர்க்குத் தடையேதும் இருக்கவில்லை. சோனி வழக்குத் தொடுத்தது. இலண்டன் உயர் நீதிமன்றம் 2006 அக்டோபரில் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதே மாதம் 24 இல் இலிக்-சாங் தன் வணிகத்தை மூடியது. கருவியில் இல்லாத பூட்டை நீதிமன்றத்தின் மூலம் பெற்றதாக இதைக் கொள்ளலாம்.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே விற்கப்பட்ட பொருளை வணிகச் சின்ன உரிமையாளரின் இசைவின்றி உள்ளே கொணர்ந்து விற்பதைத் தடுக்கலாம் என ஐரோப்பிய நீதிமன்றம் 1998 இல் சில்லவுட் என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அமெரிக்காவிலோ உச்ச நீதிமன்றம் 2013 இல் கிர்ட்சேங் வழக்கில், வெளிநாட்டில் முறைப்படி ஆக்கப்பட்ட பதிப்புரிமைப் படிகளை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் எனக் கூறியது. அவ்வழக்கு பாடநூல்களைப் பற்றியது.

டிஎஸ்ஐ

2008 நவம்பரில் ஜப்பானில் வெளியான நிண்டெண்டோ டிஎஸ்ஐ கருவியில் பூட்டு முதன்முறையாக நுழைந்தது. பழைய டிஎஸ் ஆட்டங்கள் முன்போலவே எங்கும் இயங்கின. டிஎஸ்ஐ கருவிக்கென ஆக்கப்பட்டனவும், அதன் கூடுதல் வசதிகளைப் பயன்படுத்தியனவும் பூட்டப்பட்டன. இதனால் விந்தையான நிலை ஒன்று ஏற்பட்டது. போக்கிமான் பிளாக், ஒயிட் ஆகிய ஆட்டங்களின் ஜப்பானியப் பொதி (2010), அமெரிக்காவில் வாங்கிய பழைய டிஎஸ் கருவியில் இயங்கும், ஆனால் அங்கு வாங்கிய புதிய டிஎஸ்ஐ கருவியில் இயங்காது.

நிண்டெண்டோ 3டிஎஸ்

2011 பெப்ரவரி 26 இல் ஜப்பானிலும், மார்ச்சில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெளியான 3டிஎஸ் கருவியில் அதற்கென வெளியான எல்லா ஆட்டங்களும் பூட்டப்பட்டன. உலகம் ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பாவும் ஆத்திரேலியாவும், சீனா, தென்கொரியா, தைவான் என ஆறு வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டது. இவற்றுள் தைவான் வட்டாரத்துக்கென வெளியான ஆட்டங்கள் மிகச் சிலவே.

வயதுத் தரப்படுத்தலும் உள்ளூர்ச் சட்டங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதே காரணமென நிறுவனம் விளக்கியது. ஜப்பானில் செரோ, வட அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பல நாடுகளில் பெகி எனத் தனித்தனி அமைப்புகள் வயதுத் தரம் வழங்குவது உண்மையே. நிறுவனத்தின் தலைவராக இருந்த சத்தோரு இவாட்டாவும் 2013 இல் பண்பாட்டு, சட்ட வேறுபாடுகளையே சுட்டினார். ஆனால் அதே ஆண்டுகளில் அதே நாடுகளில் விற்கப்பட்ட சோனியின் பிளேஸ்டேசன் வீட்டா, ஆட்ட அட்டைகளில் பூட்டின்றியே அச்சட்டங்களுக்கு உட்பட்டு விற்கப்பட்டது. எனவே இவ்விளக்கம் பூட்டு இன்றியமையாதது என நிறுவப் போதுமானதன்று. வெளியீட்டு நாள், விலை, வட்டார வெளியீட்டு உரிமை ஆகியவற்றைத் தனித்தனியே நிருவகிக்க இது உதவியது என்பது வெளிப்படை.

இப்பூட்டால் பாதிக்கப்பட்டோர் பல வகையினர். ஒரு நாட்டில் கருவியை வாங்கிப் பின் வேறு வட்டாரத்தில் குடியேறியவர், புதிய ஊரில் விற்கும் ஆட்டங்களை வாங்கிப் பயனில்லை. ஜப்பானிய மொழி கற்போர் அம்மொழி ஆட்டங்களை ஆட மற்றொரு கருவியை வாங்க வேண்டியிருந்தது. மொழிபெயர்க்கப்படாத ஆட்டங்களின் நிலை இன்னும் கடினமானது. 2013 இல் ஜப்பானில் வெளியான மான்சுடர் அண்டர் 4 மேலைநாடுகளுக்கு வரவேயில்லை. அதன் விரிவாக்கப் பதிப்பு 2015 இல்தான் அங்கு வந்தது. 2015 இல் ஜப்பானில் வெளியான தாய் கியாகுதென் சாய்பான், வேறு கருவிகளுக்கென 2021 இல்தான் ஆங்கிலத்தில் வெளிவந்தது. முந்தைய கருவிகளில் இத்தகைய ஆட்டங்களுக்கு ஆர்வலர்கள் தாமே மொழிபெயர்ப்புகளை ஆக்கினர். 3டிஎஸ் கருவியில் அதற்கும் முன்பாகப் பூட்டைக் கடக்க வேண்டியிருந்தது. 2014 இன் இறுதியிலிருந்து, கருவியின் மென்பொருளில் கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளைக் கொண்டு ஆர்வலர்கள் இதைச் செய்யத் தொடங்கினர்.

3டிஎஸ் இணைய அங்காடியில் 2023 மார்ச் 27 உடன் புதிய விற்பனை முடிவடைந்தது. இதன் பின்னர் ஒரு வட்டாரத்தில் மட்டும் வெளியான ஆட்டத்தை முறைப்படி ஆட, பழைய பொதியும் அதே வட்டாரத்தின் பழைய கருவியும் தேவை. ஆட்டங்களைப் பேணிக்காக்க முயலும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இது கூடுதற் சுமையாகும்.

கணக்கு வழிப் பூட்டு

பிளேஸ்டேசன் வீட்டா (2011) அட்டைகளில் பூட்டு இல்லை எனினும், ஒரு கருவியில் ஒரு நேரத்தில் ஒரு கணக்கே இருக்கலாம். கணக்கோ ஒரு நாட்டின் அங்காடியுடன் கட்டுண்டது. கணக்கை மாற்றக் கருவியைத் தொடக்கநிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓர் ஆட்டத்துக்கான கூடுதல் உள்ளடக்கத்தை அவ்வாட்டத்தின் வட்டார அங்காடியிலிருந்தே வாங்க வேண்டும்.

2017 மார்ச் 3 இல் வெளியான நிண்டெண்டோ சுவிட்ச், பூட்டை நீக்கியதோடு ஒரே கருவியில் பல நாட்டுக் கணக்குகளையும் ஏற்றது. 2019 திசம்பரில் டென்சென்ட் நிறுவனம் சீனாவில் விற்ற சுவிட்ச் கருவி மட்டும் தனி அங்காடியுடன் இணைக்கப்பட்டிருந்தது.

2025 சூன் 5 இல் வெளியான சுவிட்ச் 2 ஜப்பானில் இரு வடிவங்களில் விற்பனைக்கு வந்தது. 49,980 யென் விலையில் அறிமுகமான வடிவம் ஜப்பானிய மொழியை மட்டும் காட்டியது. ஜப்பானை நாடாகக் குறித்த கணக்குகளை மட்டுமே ஏற்றது. பன்மொழி வடிவத்தின் அறிமுக விலை 69,980 யென். அமெரிக்காவில் அறிமுக விலை 449.99 டாலர். யென்னின் மதிப்பு தாழ்ந்திருந்த அக்காலத்தில் 49,980 யென் ஏறத்தாழ 350 டாலருக்கே சமமாகும். உள்நாட்டு வாடிக்கையாளருக்கெனக் குறைத்த விலையில் வெளிநாட்டினர் வாங்கிச் செல்லாதிருக்க மொழியே வேலியாக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், ஜப்பானிய அங்காடி வெளிநாட்டுக் கடன் அட்டைகளை ஏற்பதையும் நிறுத்தியது. மோசடியைத் தடுப்பதற்காக என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது.