மார்க் போடுவது யார்?

பத்தாவதில் ஒரு பாடம் போச்சுன்னா, எங்க கம்மாபுரம் சேரிப் பிள்ளைக்கு ‘மண்டையில ஏறல’ என்று தீர்ப்பெழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை மறுத்து வந்தவை சமுதாயக் கல்லூரிகள். 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1996இல் சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டம். சென்னையில் பள்ளிப் படிப்பை விட்டவர்களையும் சேர்த்தார்கள். எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது. ஆசிரியர், வேலைப் பயிற்சி தந்த இடத்தின் மேற்பார்வையாளர், இவர்களோடு மாணவரும் தன்னை மதிப்பிட வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். தலைமுறை தலைமுறையா அடுத்தவன் போட்ட மார்க்கிலேயே கிடந்தவர்கள் நாம். சரி, அந்த மேற்பார்வையாளர் என்ன சாதி? விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போகிற நம்ம பிள்ளைக்கு கிளேஸ் பூசவும் சூளைச் சூடு பார்க்கவும் சொல்லித் தருவார்களா, பெருக்க விடுவார்களா? அதைப் பிள்ளையே எழுதித் தரவும் ஒரு தாள் வேணும்.