அவசர மருத்துவ உதவிக்கான கோரிக்கைகள்: வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரம்

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என வரிசையாக அமைந்துள்ள தோல் பதனிடும் ஊர்களில், பிரசவ வேதனை, தொழிற்சாலை விபத்து, சாலை விபத்து, விஷக்கடி முதலிய ஆபத்து வேளைகளில் உடனடிச் சிகிச்சை கிட்டும்படி அரசாங்கத்தையும் சட்டமன்றத்தையும் நீதிமன்றங்களையும் மக்களும் ஸ்தாபனங்களும் வேண்டி வந்த வரலாறு இத்தலைப்பில் கூறப்படுகிறது. இவ்வூர்கள் யாவும் முன்னர் வடஆற்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தன. 2019 நவம்பர் 28 முதல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பிரிந்துள்ளன.

ஆரம்ப காலச் செய்திகள் பெரும்பாலும் மிஷனரி ஆவணங்களிலிருந்தே கிடைப்பன ஆதலின், மிஷனரிகள் நடந்த தடத்திலேயே வரலாறும் நடக்கிறது. அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த சைலஸ் ஸ்கட்டர் 1866-இல் ராணிப்பேட்டையில் வைத்தியசாலை தொடங்கினார். அக்குடும்பத்தில் தோன்றிய ஐடா ஸ்கட்டர் (1870–1960), நோயுற்ற தாயாருக்குத் துணையாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் ஒரு பிராமணரும் ஒரு முஸ்லிமும் மற்றோர் உயர்சாதி ஹிந்துவும் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் துன்புறும் தத்தம் மனைவியருக்கு உதவ ஒரு பெண் வேண்டுமென்று கேட்டனர் என்றும், ஐடாவின் தந்தையார் மருத்துவராயிருந்தும் ஆண் என்பதால் அவரை ஏற்க அவர்கள் மறுத்தனர் என்றும், பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர் என்றும் கூறுவர். விவரங்கள் நூலுக்கு நூல் சற்று மாறுபடினும் சாரம் ஒன்றே. வாகனமோ மருந்தோ இல்லாமையால் அன்றி, வாசற்படி தாண்டி உள்ளே வரத்தக்க மருத்துவர் இல்லாமையால் அவ்வுயிர்கள் போயின.

மருத்துவக் கல்வி முடித்துத் திரும்பிய ஐடா 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாதாரை நாடி மருத்துவமனையே செல்லவேண்டும் என்னும் கருத்தில் அவர் தொடங்கிய சாலையோரச் சிகிச்சை, இவ்வட்டார வரலாற்றில் தனியே நின்று பார்க்கத்தக்கது. அதன் தொடக்கத்தை 1906 எனக் கொள்வோரும் 1909 எனக் கொள்வோரும் உளர். முதலில் மாட்டுவண்டியும், 1909-இல் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ மோட்டார் வண்டியும் பயன்பட்டமையால் இவ்வேறுபாடு தோன்றியிருக்கலாம். அவ்வண்டி குடியாத்தம் சாலையில் புழுதி கிளப்பி வந்தபோது, குதிரையும் மாடும் இன்றி ஓடுவது பேயே என்றஞ்சி ஜனங்கள் வயல்களுக்குள் ஓடினர். அதே ஜனங்கள் பின்னர் இன்ன மரத்தடியில் இன்ன கிழமை வண்டி நிற்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, கண்ணோயுற்ற குழந்தையை இடுப்பிலும் புண்பட்ட முதியவரைக் கட்டிலிலும் சுமந்து வந்து காத்திருந்தனர். பின்னாளில் சட்டங்களும் அரசாணைகளும் பேசிய அவசர ஊர்தி என்னும் கருத்தின் முளை அம்மரத்தடியிலேயே தென்படுகிறது.

அரசாங்கத்தினிடம் முறையாக வேண்டிப் பெற்ற முதல் வெற்றியும் ஐடாவுடையதே. பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டுமென்று அவர் கேட்டபோது, சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த கர்னல் பிரைசன், ஆறு பேராவது விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்று நம்பிக்கையின்றி இசைந்தார் என்பர். வந்த விண்ணப்பங்கள் 151 என்பது ஒரு கணக்கு. அதனினும் மிகக் குறைந்த தொகை தருவாரும் உளர். 1918-இல் தொடங்கிய அப்பள்ளியிலிருந்து 1922-இல் அரசாங்கத் தேர்வுக்குச் சென்ற பதினான்கு பெண்களும் ஒருவர் தவறாது தேறினர். 1938-இல், ராஜாஜி தலைமையிலான மந்திரிசபையில் மருத்துவரான டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாயிருந்த காலத்தில், எல்.எம்.பி. பட்டயப் படிப்பை நிறுத்திப் பல்கலைக்கழகப் பட்டத்தையே கட்டாயமாக்கும் முடிவு வந்தது. கல்வித்தரம் உயரவேண்டுமென்ற நோக்கம் நியாயமானதே. ஆயினும் பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. எழுபது வயது நிரம்பிய ஐடா அமெரிக்கா சென்று நிதி திரட்ட, 1942-இல் பட்டப்படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். இன்று சி.எம்.சி. என்று ஊரார் அழைக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதுவே. ஆம்பூரில் லூத்தரன் மிஷன் நிறுவிய பெதஸ்தா மருத்துவமனையும் இக்காலப் பகுதியைச் சார்ந்தது.

விடுதலைக்குப் பின் நாற்பது ஆண்டுகளைப் பற்றிய செய்திகள் மிகச் சொற்பம்.

இக்காலத்தில் குறிப்பிடத்தக்கது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500-க்கு மேற்பட்டோர் பணிபுரியுமிடத்தில் மருத்துவ உதவி அறையும் வேண்டுமென அது விதித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் காலணி தைக்கும் ஆம்பூர்ப் பெருந்தொழிற்சாலைகள் மருத்துவ உதவி அறை பற்றிய விதிக்குள் அடங்கின. நூறு பேருக்கும் குறைவானோர் பாடுபடும் சிறு தோல் பதனிடும் கூடங்கள் அடங்கவில்லை. ஆனால் கொடிய ஆபத்து இருப்பது பின்னவற்றில்தான். மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கப்படும் சோடியம் சல்பைடு, கழிவுநீர்த் தொட்டியில் அமிலத்தோடு கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுகிறது. முதலில் அழுகிய முட்டை போல் நாறும் அவ்வாயு, செறிவு மிகுந்ததும் மூக்கின் மோப்ப உணர்வையே அழித்துவிடுவதால், நாற்றம் போயிற்று, இனி அபாயமில்லை என்று இறங்குபவன் சில மூச்சில் சாய்கிறான். அவனைத் தூக்க இறங்குபவனும் அவன்மேல் சாய்கிறான். இத்தகைய இடத்தில் ஆம்புலன்ஸ் வாயிலில் வந்து நிற்பது மட்டும் போதாது. சுவாசக் கருவியும் கயிறும், அவற்றைக் கையாளப் பயின்ற ஆளும் தொட்டியின் விளிம்பிலேயே இருத்தல் வேண்டும். கோரிக்கை மனுக்கள் பெரும்பாலும் ஊர்தியையே கேட்டு வந்துள்ளமை வருந்தத்தக்க குறையாகும்.

கழிவுத்தொட்டியின் ஆபத்து வாயு மட்டுமன்று. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தோர்.

நீதிமன்றங்களின் பங்கு சட்டமன்றத்தின் பங்கைவிடத் தெளிவாகப் பதிவாகியுள்ளது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை, போலீஸ் வழக்கு என்ற காரணத்தால் ஒரு மருத்துவமனை ஏற்காமல் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்த செய்தி பரமானந்த கட்டாரா வழக்காயிற்று. உயிர் காப்பதே எந்த மருத்துவருக்கும் முதற்கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பும் ஏழாண்டுகளுக்குப் பின் அதே ஆகஸ்ட் 28-இல் வந்தது. இவ்விரண்டாவது வழக்கை அவசர மருத்துவ வரலாற்றில் சேர்க்கலாமா என்பது விவாதத்திற்குரியது. எனினும், இவ்வட்டார மக்கள் ஒன்றுகூடி வழக்காடினால் நாடு முழுமைக்கும் பொருந்தும் நெறி பிறக்கும் என்பதை அது காட்டிற்று. அடிபட்டவரைக் கொணர்ந்து சேர்ப்போரைக் காக்கும் நெறிகள் 2016-இல் உச்ச நீதிமன்றத்தாலும், 2019-இல் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தாலும் உறுதிபெற்றன. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் இப்பகுதிக்கு இவை மிகவும் பயனுள்ளவை.

108 அவசர ஊர்திச் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. இதனைக் கொணர்ந்த பெருமை யாருக்குரியது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதியின் அரசுக்கு என்பர் ஒரு சாரார். மத்திய சுகாதார அமைச்சராயிருந்த அன்புமணி ராமதாசுக்கு என்பர் மற்றொரு சாரார். 2005-இலேயே ஹைதராபாத்தில் இவ்வெண் வழக்கிற்கு வந்துவிட்டதையும் கருதவேண்டும். ஊர்தியோட்டிகளும் மருத்துவ உதவியாளரும் பன்னிரண்டு மணிநேரப் பணி, ஊதியம் ஆகியவை குறித்துப் பன்முறை அரசிடம் முறையிட்டுள்ளனர்.

2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. 2022-இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் விபத்துச் சிகிச்சை மையத்தோடு நெடுஞ்சாலையை ஒட்டித் திறக்கப்பட்டது. ஆனால் 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்னும் ஊரை அடுத்த அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, தக்க சாலையின்மையால் சிகிச்சை கிட்டுமுன்பே இறந்தது. உடலைக் கொண்டுசென்ற ஊர்தியும் பாதிவழிக்குமேல் செல்லமாட்டாமையால், தாய் அதனைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து மலையேறினாள். மலைச்சாலைக் கோரிக்கை அதன் பின்னரே அரசின் தீவிர கவனத்தைப் பெற்றது.

மாவட்டங்கள் பிரிந்தபோது வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி வேலூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனி அரசு மருத்துவக் கல்லூரி வேண்டுமென்ற கோரிக்கை மாநில அரசால் மத்திய அரசின் முன் வைக்கப்பட்டுள்ளது. இவ்விரு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் அமையவில்லை.