போர்த்துவதா, பூசுவதா?

சென்னையில் முப்பது வயதான மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை வாங்கி, வாடகைக்கோ மறுவிற்பனைக்கோ தயார் செய்கிறவரைத் தேடி இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பெயிண்ட் கான்ட்ராக்டர். சுவரைத் தட்டிப் பார்த்து முகம் சுளிப்பார். இன்னொருவர் எலிவேஷன் வேலை எடுப்பவர். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். சாம்பல் நிற ஏசிபி (அலுமினியக் கூட்டுத் தகடு), நடுவே மரநிறப் பட்டை, இரவில் ஒளிரும் விளக்குக் கோடு. பழைய கட்டடம் அந்தப் படத்தில் எங்கேயும் இருக்காது. பெரும்பாலும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போவது இரண்டாமவர்தான்.

முதலாமவர் சொல்வது பார்க்கச் சலிப்பூட்டும் வேலை. சாரம் கட்டி, சுவர் முழுக்கச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுவிட்டது. கொத்தி எடுத்துத்தான் ஆக வேண்டும். சன்ஷேடுக்கு வந்தால் செலவு ஏறும். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளேயிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்காக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். சன்ஷேடோ மெல்லியது, வாயு கம்பி வரை போக அதிக தூரமில்லை. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் கம்பி உப்பி, கான்கிரீட்டை வில்லை வில்லையாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. பெயர்ந்ததை நீக்கி, கம்பியைத் தேய்த்து, துருத் தடுப்பு தடவி, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். அதன் பிறகுதான் பூச்சு, தண்ணீர் விட்டு ஆற்றுவது, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். எல்லாம் முடிந்தபின் தெருவில் போகிறவர் சொல்வார்: “பெயிண்ட் அடிச்சிருக்காங்க போல.”

ஏசிபி வேலையில் இந்த அவமானம் கிடையாது. சுவரில் அலுமினியச் சட்டத்தை அறைந்து, எட்டுக்கு நான்கு அடித் தகடுகளை வெட்டி மடித்துத் திருகி, இடைவெளிகளைச் சிலிக்கானால் அடைத்தால் முடிந்தது. பொள்ளல் பூச்சைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. அது உள்ளே போய்விட்டது. ஆனால் சட்டத்தைப் பிடிக்கும் ஒவ்வொரு திருகும் சுவரில் ஒரு துளை. சில கோடைகளில் சிலிக்கான் காய்ந்து வெடித்ததும் ஐப்பசி மழை தகட்டின் பின்பக்கம் இறங்கும். அங்கே வெயில் படாது, ஈரம் தங்கும். உள்ளறைச் சுவரில் ஓதம் ஏறிய பிறகுதான் குடியிருப்பவர் வீட்டுக்காரருக்குப் போன் செய்வார். பூச்சுச் சுவரென்றால் விரிசல் எங்கே என்று தெருவிலிருந்தே காட்டலாம். இங்கே எந்தத் தகட்டைக் கழற்றுவது?

தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னும் பெரிய கேள்வி. மலிவான ஏசிபி, இரண்டு மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவர் 1974-இல் கட்டிய நகராட்சிக் குடியிருப்பு. குளிர்காப்புக்கும் தோற்றத்துக்குமாக அதற்கு இவ்வகைத் தகடு போர்த்தி முடித்தது 2016-இல். முதலில் திட்டமிட்ட துத்தநாகத் தகட்டை விட்டு இதற்கு மாறியது செலவைக் குறைக்க. 2017 ஜூன் 14 அன்று நான்காவது மாடிச் சமையலறையில் பிடித்த தீ, தகடுகளின் வழியே உச்சிவரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் சந்தேகத்துக்குரிய தகடு போர்த்திய கட்டடங்களுக்கு, வெளிச்சுவர் பாதுகாப்புச் சான்று இல்லாமல் வங்கிகள் வீட்டுக்கடன் தர மறுத்தன. பல வீடுகளுக்கு மதிப்பீட்டாளர்கள் போட்ட மதிப்பு பூஜ்ஜியம்.

நம் வருமான வரிக் கணக்கும் தட்டிப் பார்க்கிறவர் பக்கம் இல்லை. வாடகை வருமானத்தில் பராமரிப்பு வகைக்கென்று 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். சாரம் கட்டியவருக்கும் அதே 30, சுண்ணாம்புகூட அடிக்காதவருக்கும் அதே 30. விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் மேம்பாட்டுச் செலவைக் காட்ட வழியுண்டு. புது எலிவேஷனை அதில் சேர்க்க வாதாடலாம். ஒட்டுப் பூச்சையும் பெயிண்டையும் சேர்ப்பது கடினம். ஆறே மாதத்தில் கைமாற்றப் போகிறவருக்குப் போர்த்துவதில் இத்தனை வசதி.

பத்து ஆண்டு வாடகை வாங்கப் போகிறவர் ஏன் போர்த்துகிறார் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை. பெயிண்ட் மங்கினால் மறுபடி அடிக்கலாம். உள்ளறைக்கென்று செய்த பாலியெஸ்டர் பூச்சுத் தகட்டை வெளியே மாட்டி அது வெளுத்துப்போனால், சட்டம் வரை பிரிக்க வேண்டும். மெயின் ரோட்டுக் கடை வேறு கதை. அங்கே பளபளப்பே வியாபாரம். பெயர்ப்பலகைக்குத் தகடு தேவைதான். அங்கேயும் கனிமக் கலவை நிரப்பிய, எளிதில் தீப்பற்றாத வகையைக் கேட்டு வாங்கலாம், அதுவும் உள்ளே இருக்கிற சன்ஷேடைச் சரிசெய்த பிறகு.

ஏசிபி போர்த்திய பழைய கட்டடம் விலைக்கு வந்தால் நண்பர்கள் சிலர் என்னையும் உடன் அழைத்துப் போவார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: சன்ஷேடுக்கு நேராக ஒரு தகட்டைக் கழற்றிக் காட்ட முடியுமா? “சிலிக்கான் போயிடும் சார்” என்பார் விற்பவர். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பதும் அப்போதே, நாங்கள் கேட்காமலே வந்துவிடும்.