மனத்தைப் படிக்க மனுப் போட்டவர்கள்

1910 வாக்கில் சேலம் ஜில்லாவில் பி.ஏ. முடித்த வாத்தியார் ஒருவர், பிள்ளைகளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று முறையாகப் படிக்க ஆசைப்பட்டால் அவருக்கு இருந்த வழி ஏறக்குறைய ஒன்றுதான். எல்.டி. என்னும் ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு மனுப் போட வேண்டும். இடம் கிடைத்தால் பெட்டி படுக்கையோடு சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ரயிலேற வேண்டும். 1856இல் சென்னையில் நார்மல் ஸ்கூலாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1886இலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. பட்டம் தரத் தொடங்கியபின் ராஜதானியின் பட்டதாரி ஆசிரியர்கள் அங்கே போய்ப் படித்தார்கள். ஊர் திரும்பியவர் சாகும்வரை ‘எல்.டி. வாத்தியார்’தான்.

அதே 1910இல் சைதாப்பேட்டையில் எல்.டி. படிக்க வந்தவர்களில் ஒருவர் ச. ராதாகிருஷ்ணன். மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த இளைஞர், பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருந்தார். உளவியலில் அவருக்கு இருந்த பிடிப்பைக் கண்ட அங்கிருந்த பேராசிரியர், உடன் படிப்பவர்களுக்கு நீங்களே பாடம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தச் சொற்பொழிவுகள் 1912இல் உளவியல் அடிப்படைகளைப் பற்றிய சிறு ஆங்கில நூலாக வந்தன. ராதாகிருஷ்ணனைத் தத்துவ மேதையாகவும் குடியரசுத் தலைவராகவும் கொண்டாடுகிறோம். அவர் பிறந்த நாள் ஆசிரியர் தினம். சக வாத்தியார்களுக்கு மனத்தின் இயக்கத்தைச் சொல்லிக்கொடுத்த அந்தப் பயிற்சி மாணவரை நினைப்பவர்கள் குறைவு.

கல்வி உளவியல் அப்போதுதான் உலகிலேயே தனித் துறையாக உருவெடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் தார்ண்டைக் அதே பெயரில் புத்தகம் எழுதியது 1903இல். பாரிஸில் பினே, பள்ளிப் பாடத்தில் தடுமாறும் குழந்தைகளை இனங்காண நுண்ணறிவுச் சோதனையை வகுத்தது 1905இல். இந்தத் துறைக்கென்றே ஓர் அமெரிக்க ஆய்விதழ் தொடங்கியது 1910இல். சைதாப்பேட்டை வகுப்பறை காலத்தால் பின்தங்கியிருக்கவில்லை. பின்தங்கியது அதற்கடுத்த படி. எல்.டி. முடித்த பிறகு, இதிலேயே இன்னும் மேலே படிக்கிறேன் என்று ஒருவர் கேட்டால் மனுப் போடச் சென்னையில் இடமில்லை. கல்கத்தாவில் 1916இல் உளவியல் துறை வந்தது. 1924இல் மைசூரில் வந்தது. அதைத் தொடங்கிய எம்.வி. கோபாலஸ்வாமி லண்டனில் ஸ்பியர்மேனிடம் பயின்றவர்.  சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை அமைய 1943 ஆயிற்று.

கடல் கடந்து படிக்க வசதி வேண்டும். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ப் படித்தார். 1926இல் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் கல்விப் பொறுப்பையும் வகித்தார். அவர் ஊரைச் சுற்றியிருந்த மானாவாரிக் காட்டிலும் தறிக்குழியிலும் பாடுபட்டவர்களின் பிள்ளைகளுக்கு எட்டிய உச்சம் வாத்தியார் வேலை. அந்த வேலைக்குள் இருந்தபடியே மேலே படிக்க முடிந்தால்தான் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு தூரம் கொஞ்சம் குறைந்தது. 1950இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் பயிற்சிக் கல்லூரியும், கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா வித்யாலயத்தின் ஆசிரியர் கல்லூரியும் தொடங்கின. இந்த இரண்டு இடங்களோடும் தொடர்புள்ள இருவரைச் சேலம், நாமக்கல் பக்கத்தவர்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இருவருமே இந்தச் சேலம்-நாமக்கல் சமவெளியின் எல்லையில் வாழ்ந்தவர்கள்.

மேற்கே, காவிரிக்கு அந்தக் கரையில், மொடக்குறிச்சிப் பக்கத்தில் 1908இல் பிறந்தவர் பெரியசாமித் தூரன். வித்யாலயத்தில் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் இருந்துவிட்டு 1948இல் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியராகச் சென்னைக்குப் போனார். கீர்த்தனைகளுக்காகவும் கலைக்களஞ்சியத்துக்காகவும் அறியப்பட்ட தூரன், ‘குழந்தை உள்ளம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘அடிமனம்’ என்று உளவியல் நூல்களும் எழுதினார். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழ். கிழக்கே, நாமக்கல்லுக்கு அந்தப்புறம் துறையூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர் ந. சுப்பு ரெட்டியார். 1950இல் காரைக்குடிப் பயிற்சிக் கல்லூரிக்குப் போனவர், ஆசிரிய மாணவர்களுக்கென்று தமிழ் பயிற்றும் முறையைப் பற்றியும் கல்வி உளவியலைப் பற்றியும் கனமான நூல்களைத் தமிழிலேயே எழுதினார். வைணவ ஆய்வாளராகவே இன்று அவரைப் பலரும் அறிவார்கள். இருவருமே பள்ளி நடத்திவிட்டு உளவியலுக்கு வந்தவர்கள். பிள்ளையைப் பார்த்த பிறகு கோட்பாட்டைப் படித்தவர்கள் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளிலேயே தெரிகிறது.

எல்.டி. பிறகு பி.டி. ஆயிற்று, பி.டி. பி.எட். ஆயிற்று. பெயர் எதுவானாலும் கல்வி உளவியல் ஒரு கட்டாயத் தாள். அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது சைக்காலஜி பிராக்டிகல். பி.எட். படித்த யாரைக் கேட்டாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைந்ததைச் சொல்வார்கள். இரட்டைக் கோட்டில் ஆறு முனை நட்சத்திரம் அச்சிட்ட தாள் மேசையில் இருக்கும். கை கண்ணுக்குத் தெரியாதபடி நடுவில் ஒரு தடுப்பு; எதிரே நிமிர்த்தி வைத்த கண்ணாடி. கண்ணாடியில் தெரியும் உருவத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் தடவை கை சொன்ன பேச்சைக் கேட்காது. மேலே போக நினைத்தால் கீழே இறங்கும், முனையில் மாட்டிக்கொண்டு நடுங்கும். பக்கத்திலிருப்பவர் நொடிகளையும் கோடு தாண்டிய பிழைகளையும் குறித்துக்கொள்வார். ஐந்தாறு தடவைக்குள் பிழை பாதியாகும். பிறகு இடக்கையால் வரையச் சொன்னால், பழகாத அந்தக் கையும் முதலிலேயே ஓரளவு தேறியிருக்கும். வலக்கை கற்றது இடக்கைக்கு மாறிவிட்டது. பயிற்சி மாற்றம் என்று இதற்குப் பெயர்.

நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, வரைபடம், முடிவு என்று அதை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. எண்களும் சீனியருடையவை. ஒரு தலைமுறை ஆசிரியர்களில் பலருக்குக் குழந்தையின் மனம் பிரவுன் அட்டை போட்ட நோட்டுக்குள்ளேயே முடிந்துபோனது ஒரு பெரிய இழப்பு.

மேற்படிப்பை ஆயிரக்கணக்கானவர்களின் கைக்கெட்டச் செய்தது தபால்காரர். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. ராசிபுரத்திலும் பரமத்தியிலும் வேலை பார்த்த ஆசிரியர்கள் லீவு போடாமல் ‘கரஸ்’ஸில் முதுகலை படிக்கலாம், பாடப் புத்தகம் பார்சலில் வரும், கோடை விடுமுறையில் நேர்முக வகுப்பு. நாமக்கல்லுக்குப் பயணிகள் ரயில் வந்ததே 2013இல்தான். அந்த ஊர் ஆசிரியைக்கு, அதுவும் கைக்குழந்தை உள்ளவருக்கு, தபால்வழி என்பது திறந்திருந்த ஒரே கதவு.

ஆர்வத்துக்குப் பக்கபலமாக ஊக்க ஊதிய உயர்வும் இருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் கூடுதலாகப் பட்டம் பெற்றால் சம்பளம் கூடியது. எம்.ஏ. முடித்தவர் எம்.எட்.டுக்கோ எம்.ஃபில்.லுக்கோ மனுப் போட்டதற்கு அது முக்கியமான காரணம். இதைக் குறையாகச் சொல்லக் கூடாது. சம்பளத்துக்காகப் படிக்கத் தொடங்கியவர், வளரிளம் பருவத்தைப் பற்றிய ஒரு பாடத்தில் தன் வகுப்பின் கடைசி பெஞ்சு மாணவனை அடையாளம் கண்டுகொள்வது நடக்கக்கூடியதுதான். 2020 மார்ச்சில் அரசு அந்த ஊக்க ஊதிய உயர்வு முறையை நிறுத்தியது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில்.லையே பொதுவாக விலக்கிக்கொண்டது.

இதற்கிடையில் சமவெளி வேறொன்றுக்குப் பேர்போனது. 1997 ஜனவரி 1இல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் சேலம் கருப்பூரை இருப்பிடமாகக் கொண்டு பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது; உளவியலும் கல்வியியலும் அங்கே துறைகளாக வந்தன. இனி மனுப் போடச் சென்னைக்குப் போக வேண்டாம். ஆனால் அந்த ஆண்டுகளில் இங்கே பேச்செல்லாம் பிளஸ் டூ மதிப்பெண். கோழிப் பண்ணை, லாரி பாடி, ரிக் வண்டி என்று துணிந்து முதல் போட்ட மண், விடுதிப் பள்ளிகளிலும் போட்டது. 1,200க்கு எத்தனை, கட்-ஆஃப் 200க்கு எத்தனை என்பதற்காகத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெட்டியோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வை 2007இல் மாநிலம் கைவிட்டபிறகு பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாமும் ஆயிற்று.

அந்தப் பள்ளிகளின் அன்றாடத்தைக் கல்வி உளவியல் படித்தவர் பார்த்தால் திகைத்துப்போவார். விடியுமுன் எழுந்து படிப்பு, தினமும் ஒரு தேர்வு, வாரத்துக்கு ஒரு தேர்வு, மாதம் ஒரு திருப்புதல். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்துச் சொன்ன விதிகள் எல்லாமே அங்கே நடைமுறையில் இருந்தன. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கும், மறக்கத் தொடங்குமுன் மீட்டால் மறதி குறையும். எந்த உளவியலாளரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. அனுபவத்தாலும் போட்டியாலும் நினைவைப் பற்றிய பாதி அறிவியலை இந்தச் சமவெளி தானாகவே கண்டுபிடித்து, யாரும் செய்யாத அளவில் செய்தும் காட்டியது.

மற்றப் பாதியை விட்டுவிட்டது. பயம், தாழ்வு மனப்பான்மை, வீட்டு ஏக்கம், ஒவ்வொரு பிள்ளையும் கற்கும் வேகத்தில் உள்ள வேறுபாடு, பதினாறு வயதின் குழப்பம் என்று தூரன் தமிழில் எளிமையாக எழுதிவைத்த பாதி அது. ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு காத்திருக்கும் அம்மாவிடம் பிள்ளை சொல்லி அழுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவர் வளாகத்துக்குள் இல்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிப் போய், பன்னிரண்டையே இரண்டு ஆண்டுகள் நடத்துவது பரவியது. பயிற்சி மாற்றம் நடக்க அடித்தளம் வேண்டும். அடித்தளத்தைத் தாண்டிக் குதித்த மாணவர் கல்லூரி முதலாண்டில் தடுமாறினார். 2017இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு விலக்கிக்கொள்ளப்பட்டது.

மேற்படிப்புக்கு நாம் போடும் மனுக்களையும் பார்க்க வேண்டும். கல்வி உளவியலில் மேற்படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், இந்தத் துறைக்கு ஏன் வருகிறேன், எந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். அவரை அறிந்த ஆசிரியர்கள் கடிதம் தர வேண்டும். நம் எம்.எட். விண்ணப்பத்தின் கட்டங்களோ பெரும்பாலும் பட்ட மதிப்பெண்ணையும் சாதிச் சான்றையும் மாற்றுச் சான்றையுமே கேட்டுவந்திருக்கின்றன. இடஒதுக்கீட்டுக்குச் சான்று வேண்டும், மதிப்பெண்ணும் வேண்டும். இந்தப் படிவம் இல்லாவிட்டால் கைத்தறிக்காரர் மகளுக்கு இடமே கிடைத்திருக்காது. அதோடு ஒரு பக்கம், எந்தப் பிள்ளை உங்களை இங்கே அனுப்பியது என்று கேட்கும் ஒரு பக்கம், சேர்த்தால் என்ன? பத்தாண்டு வகுப்பெடுத்த ஆசிரியரிடம் அதற்குப் பதில் கட்டாயம் இருக்கும். ஆய்வுப் படிப்பில் அது வெளிப்படவும் செய்கிறது. மேல்நிலை மாணவரின் தேர்வுப் பதற்றம், அடைவூக்கம் என்று முனைவர் பட்டத்துக்குத் தலைப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் கண்ணால் கண்டதையே எடுக்கிறார்கள்.

பணிக்கு வரும் ஆசிரியரையும் உளவியல் ஒரு தேர்வாகவே சந்தித்தது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. 150 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். அவற்றில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். நேரம் போதவில்லை என்ற குரல் எழுந்து, மறுதேர்வுக்கு மூன்று மணி நேரம் தரப்பட்டது. 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஐம்பதை நெருங்கும் ஆசிரியர்கள் மறுபடி உளவியலாளர்கள் பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் புரட்டுகிறார்கள், நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பதற்காக.

அதே 2025 ஜூலை 25இல் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போய் உயிரிழந்த மாணவி ஒருவரின் வழக்கில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ அமர்த்த வேண்டும். பயிற்சி மையங்கள் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றது. இந்த நெறிகள் விடுதிகளுக்கும் பொருந்தும். தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2013இல் நடமாடும் உளவியல் ஆலோசனைக்கு விட்ட வண்டிகள் மாநிலம் முழுமைக்கும் பத்து. நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளிகளுக்கு மட்டுமே அதைவிடப் பல மடங்கு ஆட்கள் தேவை.

அந்த ஆட்கள் படித்து வர வேண்டும். ஆனால் அதே ஜூலை-ஆகஸ்டுப் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. பயிற்சியின் தரத்தை நினைத்தால் இந்த முடிவில் நியாயம் இருக்கிறது. நேரில் ஒரு பிள்ளையோடும் பேசாமல் ஆலோசகராகக் கூடாது. ஆனால் பரமத்தியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் ஆசிரியைக்குத் தபால் கதவு மூடிவிட்டது. அவருக்குக் கருப்பூரில் மாலை வகுப்பு வேண்டும், சம்பளத்தோடு படிப்பு விடுப்பு வேண்டும், உத்தமசோழபுரத்து மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வார இறுதிக் களப்பயிற்சி வேண்டும். 1910இல் ராதாகிருஷ்ணனை ஒரு கல்லூரி பயிற்சிக்கு அனுப்பியதுபோல அவரையும் அவருடைய பள்ளி அனுப்ப வேண்டும்.